மானிட்டரில் தங்கிய முகம்

மந்தைவெளியில் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை. ஜெராக்ஸ், பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை எல்லாம் உண்டு. ஆனால் கடை ஓடுவது சாவு போஸ்டரில்தான். மேலே "கண்ணீர் அஞ்சலி", இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் மாலை போட்ட முட்டை வடிவச் சட்டம், கீழே தோற்றம், மறைவு. எல்லாருக்கும் ஒரே ஃபைல். போட்டோவையும் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுவேன். போனவர் முகம் இருந்த இடத்திலேயே அடுத்தவர் முகம் வந்து உட்காரும்.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அசோக் நகரில் தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. "நீ முன்னாடி போ, நான் பின்னாலயே வர்றேன்" என்று சொன்ன என் வீட்டுக்காரர் வரவே இல்லை. சொந்தபந்தம் அத்தனை பேரும் "அவர் எங்க, அவர் எங்க" என்று கேட்டு என் மானத்தை வாங்கினார்கள். வீட்டுக்கு வந்தால் மனுஷன் கட்டிலில் கிடக்கிறார். "அசதியா இருந்துச்சு, கண்ணு அசந்துட்டேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கடைக்குப் போனதும் முதல் வேலையாக அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து அந்த மாலைக்குள் வைத்தேன். பெயர் போடவில்லை, அதற்குக் கை வரவில்லை. ஆனால் வைத்துப் பார்த்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. பொய் சொல்ல மாட்டேன்.

வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு சாவு போஸ்டராவது வந்துவிடும். அன்றைக்கே வேறு யாராவது வந்து அவரை அங்கிருந்து கிளப்பியிருப்பார்கள். அந்த வாரம் பார்த்து ஏரியாவில் ஒரு சாவு இல்லை. வந்தவர்கள் எல்லாரும் ஜெராக்ஸ் எடுக்கத்தான் வந்தார்கள். மானிட்டர் தானாக அணையும் செட்டிங்கையும் நான் என்றைக்கோ எடுத்துவிட்டிருந்தேன். அதனால் இரவும் பகலும் அவர் அங்கேயே இருந்தார். நானும் எடுக்கவில்லை. வீட்டில் அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைப்பேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. ஆஸ்பத்திரியில் இதயத்தில் அடைப்பு, நாளைக்கு ஸ்டென்ட் வைக்கணும் என்றார்கள். "எத்தனை நாளா வலி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு வாரமா இருக்குது சார்" என்றார் இவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆதார், இன்ஷூரன்ஸ் கார்டு நகல்கள் கேட்டார்கள். தம்பியை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு கடைக்கு ஓடினேன். ஷட்டரைத் தூக்கினால் எதிரே மாலையோடு அவர். போட்டோவை அழித்தேன், ஃபைலை மூடினேன். முகம் போகவில்லை. வெறும் திரையில், தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரி, நெற்றி, மூக்கு, மீசை, சுற்றி மாலை எல்லாம் அப்படியே நின்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். திரையைத் துடைத்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கறுப்பாகத் தொடங்கியபோது ஒன்றும் தெரியவில்லை, அப்பாடா என்றிருந்தது. திரை சாம்பல் நிறத்துக்கு வந்ததும் மெல்ல மெல்ல அவரும் வந்தார். கேபிளை மாற்றினேன். அப்போதும் இருந்தார்.

அந்த நேரம் பார்த்து மகளின் ஜாதகத்தை நகல் எடுக்க ஒரு அம்மா வந்தாள். காகிதத்தை நீட்டியவள் என் தோளுக்கு மேலே பார்த்து, "யாரும்மா அது, மாலையோட?" என்று கேட்டாள். அதுவரை எனக்கு மட்டும்தான் தெரிகிறது, பயத்தில் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "பழைய போஸ்டர்" என்றேன்.

திரையை அப்படியே படமாகச் சேமித்து பிரிண்ட் எடுத்தேன். தாளில் முகம் இல்லை. அப்படியென்றால் கம்ப்யூட்டரில் எதுவும் இல்லை, மானிட்டரில்தான் இருக்கிறது. மானிட்டர் ரிப்பேர் பண்ணுகிறவருக்குப் போன் போட்டேன். "ஒரே படத்த நாள் கணக்கா வெச்சுக்கினு இருந்தா இப்படித்தான் படியும்கா. வெறும் வெள்ளைய ஸ்க்ரீன் முழுக்கப் போட்டு உட்ருங்க, கொஞ்சம் கொஞ்சமா போயிடும்" என்றார். சர்வ சாதாரணமாகச் சொன்னார். காரணம் தெரிந்தும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. வைத்தது நான்தானே. வெள்ளையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

மறுநாள் விடிந்ததும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கடையைத் திறந்து பார்த்தேன். மாலை போயிருந்தது. கழுத்தும் மோவாயும் போயிருந்தன. கண்களும் நெற்றியும் மட்டும் மிச்சம் இருந்தன, அதுவும் மங்கலாக. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அப்படி இல்லை. அங்கே அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகிற நேரத்தில் இங்கே நான் உட்கார்ந்து அவரை அழித்துக்கொண்டிருக்கிறேன். முழுசாக இருந்தாலும் பயம், முழுசாகப் போனாலும் பயம். மானிட்டரை அணைத்து, பிளக்கையே பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த அடுத்த வாரம், கஞ்சி கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை. "உங்க போட்டோவ அதுல வெச்சேன். வெச்சு வாரம் முழுக்கப் பார்த்துக்கினு உக்காந்திருந்தேன்" என்று அழுதேன்.

அவர் கஞ்சியை ஊதிக் குடித்தார். "தெரியும்" என்றார். "நெஞ்சு ஒரு மாரியா கீது, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வான்னு சொல்லத்தான் செவ்வாக்கிழமை கடைக்கு வந்தேன். நீ ஜெராக்ஸ் மெஷின்ல குனிஞ்சிருந்த. ஸ்க்ரீன்ல என்னைப் பாத்தேன். திரும்பி வந்துட்டேன்."

"கூப்பிட்டிருக்கலாம்ல? சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? நாடகம் ஆடறேன்னு சொல்லுவ."

சொல்லியிருப்பேன். அந்த வாரம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றிருந்தால், அப்படியேதான் சொல்லியிருப்பேன்.