அலுமாரிப் போத்தலில் ஆறு வேளை மருந்து

என் மாமனார் மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்து பென்சனோடு திரும்பியபோது ஒரு சீனக் கண்ணாடிப் போத்தல் கொண்டுவந்தார். அதை மகளுக்குக் கொடுத்தார், அவள் அலுமாரியில் வைத்தாள். கனகராயன்குளத்துப் பக்கம் காடு வெட்டி வயல் செய்ய வந்த எங்கள் மண்வீட்டில், பார்க்கக்கூடியதாய் இருந்த ஒரே பொருள் அதுதான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வருகிறவர்களுக்கு அதை விளக்குவது மனைவியின் வேலை. பால் நிறக் கண்ணாடியில் தடிப்பாக ஒரு போத்தலை ஊதி, சிவப்புக் கண்ணாடிக் குழம்பில் தோய்த்தெடுப்பார்களாம். ஆறியதும், சுழலும் சிறு சில்லில் மணற்பொடியும் தண்ணீரும் விட்டு, வேண்டாத சிவப்பை மாதக்கணக்காய்த் தேய்த்து நீக்குவார்களாம். மிஞ்சுகிற சிவப்புத்தான் பூவும் குருவியும். கை ஒருமுறை தவறினால் குருவிக்குத் தலை இல்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரியில் அவளுக்கு மலேரியா கண்டது. அந்தக் காலத்தில் மருந்துச்சாலைக்குப் போகிறவர் போத்தலும் கொண்டுபோக வேண்டும். தண்ணிமருந்தை அதில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, விளிம்பு வெட்டிய கடதாசித் துண்டை வெளியே ஒட்டித் தருவார்கள். அவளுடைய பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டதும் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. சாரத்தை உட்புறம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட அலுமாரிப் போத்தலோடு சைக்கிளில் ஏறினேன். வழியில் பத்து வீடு. கேட்டிருந்தால் வீட்டுக்கொரு வெறும் போத்தல் தந்திருப்பார்கள்.

மருந்து கலந்த அப்போதிக்கரி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூவும் குருவியும் புடைத்து நின்றதால் கடதாசி ஒட்டவில்லை.

“உள்ளுக்கை மருந்து நிக்கிறதும் தெரியாது. வீட்டை போன கையோடை வேறை போத்தலிலை ஊத்தி ஆறு பங்காப் பிரியுங்கோ. கொயினா மருந்து. கூடினால் காது போயிடும்.”

ஓம் என்றேன். அன்றைக்கு என் கழுத்தைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தால், அவள் செத்துப்போன தன் தாயோடு கதைத்துக்கொண்டு கிடந்தாள். ஆறு பங்கு எனக்கு அடியோடு மறந்துபோனது. கோப்பையில் சரித்துப் பருக்கினேன். காய்ச்சல் விடவில்லை. பொழுதுபட முன் இன்னும் தாராளமாகச் சரித்தேன். அந்தத் தடித்த கண்ணாடி நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் கைக்கு ஒரே பாரம். மறுநாள் காலை கவிழ்த்தபோது நாலு சொட்டு விழுந்தது. இரண்டு நாளுக்குக் கொடுத்த மருந்து. எவனோ மாதக்கணக்காய்க் கை தவறாமல் செதுக்கிய போத்தலில், ஒரே பகலில் நான் இரண்டு தரம் தவறியிருந்தேன்.

காய்ச்சல் விட்டது. எழும்பி உட்கார்ந்தாள். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டேன்.

“இஞ்சாருங்கோ, ஏன் சும்மா வாயை அசைக்கிறியள்? இண்டைக்குமோ பகிடி?”

நான் ஊரறிந்த பகிடிக்காரன். அவள் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள்.

இடது காது பிறகு ஓரளவு திரும்பியது. வலது காது வரவில்லை. காய்ச்சல் கொண்டுபோன காது என்று எல்லோருக்கும் சொன்னாள், நானும் தலையாட்டினேன். போத்தலைக் கழுவி அலுமாரியில் வைத்தாள். வருகிறவர்களுக்கு அதை விளக்குவதையும் விடவில்லை, முன்னையிலும் உரத்த குரலில்.

ஒருமுறை உண்மையைச் சொன்னேன். அவள் குருவியின் இறகிடுக்கில் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் நின்றுதான் சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.