யார் பக்கத்து ரத்தம்

மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் கரமனை வீட்டில் ஒரே வழக்குதான்: இது யார் பக்கத்திலிருந்து வந்தது?

"உங்க பெரியப்பா செவுத்தோட பேசிண்டிருந்தவர்தானே?" என்பாள் மனைவி.

"உன் அத்தை மட்டும் என்னவாம்? சாகிற வரைக்கும் வாசப்படி தாண்டலையே" என்பேன்.

பத்தொன்பது வயதில் மகளுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. அவளுடைய குரோமோசோம் ஒன்றில் சின்னத் துண்டு விட்டுப்போயிருக்கிறது, இரண்டுக்கும் அதுவே காரணமாயிருக்கலாம் என்றார் மலையாளி டாக்டர். எங்கள் ரத்தத்தையும் சோதித்தார்கள்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்லை, கேட்டோ. குட்டிக்குப் புதுசா வந்தது" என்றார் பிறகு, நல்ல செய்தி போல.

திரும்பும் பஸ்ஸில் மகள் எங்கள் நடுவே காதைப் பொத்திக்கொண்டு, "மிண்டாதே, பேசாதே" என்று எங்களுக்குக் கேட்காத யாரையோ அதட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏன்னா, இனிமே யாரைத் திட்டறது?" என்றாள் மனைவி. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இத்தனை வருஷம் எங்களுக்காகச் சுமந்த பழியை, செத்துப்போன பெரியப்பாவும் அத்தையும் அன்று எங்கள் மடியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். என் பெரியப்பாவை இன்னும் ஒரே ஒரு தடவை திட்டிவிடு என்று அவளைக் கெஞ்ச வேண்டும் போலிருந்தது.