பெரிய பிடிலோடு பள்ளிக்கூடம் போனோம்

பெரியவர்களுக்குக் கச்சேரி வைப்பவனுக்கு மாலை போடுவார்கள். பிள்ளைகளுக்குக் கச்சேரி வைப்பவனைக் கேள்வி கேட்டே கொல்லுவார்கள். சின்னப் பிள்ளைகள் நூறு பேருக்கு முன்னால் எழும்பி நின்று வாய் திறந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இராது.

முப்பதுகளில் வட்டுக்கோட்டையில் எங்களுக்கு ஒரு வாத்தியக் கோஷ்டி இருந்தது. பிறகு வந்து சேர்ந்த ஒருவரோடு எட்டுப் பேர். பிடில் வாசித்த ஆபிரகாம் மாஸ்டர்தான் தலைவர். மெட்டுகளையும் அவரே கட்டுவார். கனகம்மா ரீச்சர் ஆர்மோனியம். எனக்கு வாத்தியம் எதுவும் வராது. இன்னது இன்ன வாத்தியம், இதைக் கேளுங்கள், அதைக் கவனியுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுதான் என் வேலை. சனிக்கிழமைகளில் மாட்டுவண்டியில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவோம்.

எந்த வெள்ளைக்காரன்?

கோஷ்டியில் அடித்தொண்டைச் சத்தம் இல்லை என்பது மாஸ்டரின் நெடுநாள் மனக்குறை. ஆளுயரப் பெரிய பிடில் ஒன்று வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்றை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கடைசியில் ஒரு பழைய விலைப்பட்டியலில் இருந்த படத்தைக் கிழித்துக்கொண்டு நாகலிங்க ஆசாரியாரிடம் போனோம். கதவும் யன்னலும் செய்கிறவர். படத்தை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். படத்தில் பிடிலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்றார். அளவு எதுவும் போட்டிருக்கவில்லை.

"இந்த வெள்ளைக்காரன் எவ்வளவு உயரம், மாஸ்டர்?" என்று கேட்டார் ஆசாரியார்.

நியாயமான கேள்வி. மாஸ்டர் யோசித்துவிட்டு, அந்தப் பக்கம் வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாவம், அவர் ஆசாரியாரின் பட்டறையில் படத்தில் இருக்கிற மாதிரியே கையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். ஆசாரியார் அவருடைய நெற்றி மட்டத்துக்குக் கோல் பிடித்து அளந்தார். மூன்று மாதத்தில் பலாப் பலகையில் பிடில் தயார். நிமிர்த்தி வைத்தால் கழுத்தின் மேல்பக்கம் விரல் வைத்து வாசிக்க எங்களில் ஒருவருக்கும் கை எட்டவில்லை. அந்தப் பாதிரியார் வாசலில் குனிந்து நுழைகிற நெட்டை மனிதர் என்பதை அப்போதுதான் நாங்கள் யோசித்தோம். ஆசாரியாரே ஒரு முக்காலி செய்து, அதில் ஏறி நின்று வில்லை இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு பொருத்தும் அவருக்குத் தெரிந்த வாத்தியம். இரண்டு மாதத்தில் அவரே எங்கள் பெரிய பிடில்காரர் ஆனார். ஆனால் உயரத்தைப் பற்றி யார் கதை எடுத்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்: "என்ரை அளவிலை பிழையில்லை. நீங்கள் பிடிச்சுக்கொண்டு வந்த வெள்ளைக்காரனிலைதான் பிழை."

விளக்கம் சொன்னவர்

முதல் கச்சேரி பண்டத்தரிப்பில். அதற்காக நான் ஒரு கிழமை கண்விழித்துப் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். சத்தம் எப்படிப் பிறக்கிறது, நரம்பு ஏன் அதிர்கிறது, குழலில் துளை எதற்கு, எல்லாம் அதில் இருந்தது. ஆறாம் பக்கத்தில் இருக்கும்போது முன்வரிசையில் ஒரு சின்னப் பெட்டை கையை உயர்த்தினாள். எனக்குப் பெரிய சந்தோஷம். முதல் கச்சேரியிலேயே கேள்வி கேட்கிறார்களே என்று, "கேள் பிள்ளை, வெக்கப்படாமல் கேள்" என்றேன்.

அவள் எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு, மிக மரியாதையாகக் கேட்டாள்: "சேர், நீங்கள் கதைக்கிறதை நிப்பாட்டினால் அவையள் வாசிப்பினமோ?"

வாயில் விரல்

இன்னொரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் கண்டிப்பானவர். நாங்கள் வரமுன்னரே எல்லாப் பிள்ளைகளையும் வாயில் விரல் வைத்து இருத்தியிருந்தார். ஒரு மணி நேரம் வாசித்தோம். ஒரு சிரிப்பில்லை, ஒரு அசைவில்லை. வாசித்து முடித்தோம். கைதட்டலும் இல்லை. மாஸ்டரின் முகம் கறுத்துப் போயிற்று. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இவையளுக்குப் பிடிக்கேல்லை, வாங்கோ போவம்" என்றார்.

பிடிலைப் பெட்டிக்குள் வைக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சேர், கை தட்டுறதெண்டால் விரலை எடுக்கவேணுமே, எடுக்கட்டோ?"

எந்தக் கடல்?

மாஸ்டர் கட்டியவற்றிலேயே அவருக்குப் பிடித்தது 'கடல்' என்ற மெட்டு. மிருதங்கத்தில் அலை எழும்பும், பிடில்கள் காற்றாகச் சுழலும், பெரிய பிடில் உறுமும், கடைசியில் புயல். வட்டுக்கோட்டையில் இதைக் கேட்டவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தத் துணிவில் தொண்டைமானாற்றுக்குக் கொண்டு போனோம். முன்னால் இருந்த பிள்ளைகளில் பாதிப்பேரின் வீட்டார் கடலுக்குப் போகிறவர்கள்.

வாசித்து முடித்ததும் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று எழும்பியது. பெயர் வள்ளியம்மை. "இது எந்தக் கடல்?" என்று கேட்டாள். எல்லாக் கடலும்தான் என்றார் மாஸ்டர். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"காத்து எழும்ப முன்னம் கடல் பேசாமல் கிடக்கும், சேர். அதை நீங்கள் விட்டிட்டியள்."

"பேசாமல் கிடக்குமோ? எவ்வளவு நேரம்?" மாஸ்டர் பிடிலைக் கீழே வைத்துவிட்டு மேடை ஓரத்தில் குந்திவிட்டார்.

"தோணிப் பாயை இறக்கிற அளவு நேரம். அப்ப இறக்கிப்போட வேணும். போன வாடைக் காத்துக்கு எங்கடை சின்னையா அதைக் கவனிக்கேல்லை." இதை அவள் அழாமல், பாடம் ஒப்புவிக்கிற மாதிரித்தான் சொன்னாள். பக்கத்திலிருந்த பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். அவளுடைய சின்னையா திரும்பி வரவில்லை என்று பிறகு வாத்தியார் ஒருவர் சொன்னார்.

மாஸ்டர் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். "நாங்கள் திரும்ப வாசிக்கிறம். கடல் பேசாமல் கிடக்கவேண்டிய இடத்திலை நீ கையைத் தூக்கு. பாய் இறங்கி முடிஞ்ச உடனை கையை விடு" என்றார். அவள் கையைத் தூக்கினாள். வாசித்த எல்லோரும் வில்லும் விரலும் அந்தரத்தில் நிற்க அப்படியே இருந்தார்கள். மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. அவள் கையை விட்டபோது எழுந்த புயல், நாங்கள் முன்பு ஒருநாளும் வாசிக்காத புயல். அன்றிலிருந்து அந்த மெட்டு அப்படித்தான். வீடு திரும்பும் வழியில் கனகம்மா ரீச்சர் சொன்னார்: "இருபது வருஷமாய் வாசிக்கப் பழகினன்; வாசிக்காமல் இருக்க இண்டைக்குத்தான் பழகினன்."

பலகைத் தளம்

கடைசியாக ஒன்று. ஊரின் பெயர் வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் பலகை பாவிய நல்ல மண்டபம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் இருக்க நீள வாங்குகளும் தாராளமாக இருந்தன. ஆனால் பதினைந்து இருபது பிள்ளைகள் மட்டும் பின்சுவரோடு தரையில் இருந்தார்கள். எந்தப் பிள்ளைகள், ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை; சாதி பார்க்காதே என்று சட்டம் வந்த பிறகும் பல இடங்களில் அப்படித்தான் நடந்தது. மாஸ்டர் தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்டார். "நான் வாங்கிலை இருத்தினால் நாளைக்குப் பள்ளிக்கூடம் நெருப்பிலை போகும். என்னாலை ஏலாது" என்றார் அவர். பொய்யென்று சொல்ல முடியாது; அப்படி எரிந்த பள்ளிக்கூடங்கள் இருந்தன.

மாஸ்டர் பிடிலைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். கனகம்மா ரீச்சர்தான் மறித்தார். "நாங்கள் போனால் வாங்கிலை இருக்கிறதுகள் வேறை எங்கையும் கேக்கும். நிலத்திலை இருக்கிற உதுகள் எங்கை போய்க் கேக்கிறது?" மாஸ்டர் பிடிலோடு திரும்பி வந்தார்.

நாங்கள் மேடையில் ஆயத்தமானபோது ஆசாரியாரைக் காணவில்லை. பார்த்தால், முக்காலி ஒரு கையில், பெரிய பிடில் மற்றக் கையில், மண்டபத்தின் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். தரையில் இருந்த பிள்ளைகளுக்கு நடுவில் முக்காலியை வைத்து, பிடிலின் அடியிலிருந்த இரும்பு முனையைப் பலகையில் ஊன்றினார். "எனக்கு இஞ்சைதான் வசதி" என்றார். அடி நரம்பில் நீட்டி ஒரு இழுப்பு. தரையிலிருந்த ஒரு பெட்டை திடுக்கிட்டுக் கையைப் பலகையில் வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். "நிலம் பாடுது!" என்று கத்தினாள்.

வாங்கிலிருந்த தலைகள் எல்லாம் திரும்பின. முதலில் ஒரு பெடியன் சறுக்கி இறங்கிப் பலகையில் கையை வைத்தான். "ஓமடா, மெய்தான்!" அவ்வளவுதான். மூன்றாவது மெட்டு முடியுமுன் ஒரு வாங்கிலும் ஆளில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றோடொன்று நெருங்கி, குப்புறப்படுத்து, காதைத் தரையில் வைத்துக் கேட்டார்கள். தலைமை ஆசிரியர் பிரம்போடு நின்றார். அதை உயர்த்தவில்லை.

மூன்றாம் நாள் பெற்றோர் சிலர் போய்ச் சண்டை பிடித்ததாகவும், எங்களை இனிக் கூப்பிட வேண்டாம் என்று முடிவானதாகவும் அறிந்தோம். ஒரு வருஷம் கழித்து அந்தத் தலைமை ஆசிரியரை நான் சந்தையில் கண்டேன். கதைக்காமல் போய்விடுவார் என்று நினைத்தேன். அவரே கிட்ட வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்: "கணக்குக்கும் தமிழுக்கும் பழையபடிதான். ஆனால் சங்கீத பாடத்துக்கு மணி அடிச்சால் ஒரு பிள்ளையும் வாங்கிலை இருக்குதில்லை. நிலத்திலைதான் வடிவாய்க் கேக்குதாம், நான் என்ன செய்ய?"

நாங்கள் எட்டுப் பேரும் குடாநாட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கேட்கப் பழக்கினோம் என்று யாராவது மேடையில் புகழும்போது, நானும் ஆசாரியாரும் சிரித்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை.