பாறையில் கட்டிய பெண்

கோளரங்கத்தில் எனக்கு இருட்டில்தான் வேலை. கருவியை இயக்குவது நான், கதை சொல்வது அவர். காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'நட்சத்திரக்காரர்'தான். ஒரு நாளைக்கு நான்கு காட்சி, இருபத்திரண்டு வருஷம். அவர் வாயைத் திறந்தால் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காரும்.

அவர் சொல்லும் பெயரை வைத்துத்தான் நான் படத்தை மாற்ற வேண்டும். "காசியோப்பியா" என்றால் நாற்காலியில் ராணி. என் மகளைப் போல அழகி கடலில்கூட இல்லை என்று அந்த அம்மாள் பீற்றிக்கொண்டாள். கடல் தெய்வத்துக்குக் கோபம் வந்து ஊரை விழுங்க ஒரு பூதத்தை அனுப்பியது. மகளைப் பலி கொடுத்தால்தான் தப்பலாம் என்று குறி சொன்னார்கள். "ஆண்ட்ரோமீடா" என்றால் வட வானத்தில் கை இரண்டையும் விரித்தபடி, பாறையில் சங்கிலியோடு அந்த மகள். "பெர்சியஸ்" என்றால் வாளோடு வீரன். சங்கிலி அறும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், விளக்கைப் போட்டுவிடுவேன்.

அவருக்கும் ஒரு மகள். இருபத்தாறு வயது. அம்மா இல்லாத பெண். பதினெட்டு வயதில் மனம் பேதலித்து வீட்டைவிட்டுப் போனவளை, நான்காம் நாள் ஒரு பேருந்து நிலையத்தில், தகப்பன் பார்க்கக்கூடாத கோலத்தில் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து காலையில் சாப்பாட்டை வைத்துவிட்டு அறையை வெளியே பூட்டுவார். மதியம் ஓடிப்போய்த் திறப்பார், மறுபடி பூட்டுவார். எட்டு வருஷம் இப்படியே போனது.

மருந்தில் அவள் தேறிவிட்டாள். "இனிமே பூட்டாம இருந்து பாருங்க" என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷமாகிறது. அந்தப் பூட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. அதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். மழை என்பார், தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணே, பள்ளத்த மூடி மூணு மாசமாச்சு. எப்பத்தான் திறந்துவிடப் போறீங்க?"

"உனக்கென்னம்மா, நாலு நாள் தேடி அலஞ்சவன் நான்தானே" என்றார்.

அன்று காலை முதல் காட்சி. ஆண்ட்ரோமீடா வந்துவிட்டாள். இருட்டிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "அந்த அக்காவ யாரு கட்டிப்போட்டா?"

"அவங்க அப்பாதான். சீஃபியஸ்னு ஒரு ராஜா. பக்கத்துலயே மங்கலா தெரியுறாரு பாரு."

"அப்பாவே ஏன் அவுத்து விடல?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. பெர்சியஸ் என்று அவர் சொன்னால்தான் என் விரல் பொத்தானுக்குப் போகும், பழக்கம் அப்படி. அறிவுகெட்டுப் போய் அந்தப் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷம் அந்தப் பெண் சங்கிலியோடு தலைக்குமேல் நின்றாள். பின்வரிசையில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்த பிறகுதான் விளக்கைப் போட்டேன். ஆசிரியைகள் எங்களைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

"என்கூட வீடுவரைக்கும் வாம்மா, இப்பவே திறந்துவிட்டுடறேன்" என்றார்.

மூன்று தெரு தள்ளி, மாடியில் இரண்டே அறை. சாவியை என்னிடம் நீட்டினார்; நான்தான் திறந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். படிய வாரிய தலை, சலவைத் துணி. எந்த அலுவலகத்திலும் உட்கார வைக்கலாம்.

"இன்னும் மதியம் ஆகலையேப்பா?"

"இனிமே பூட்ட மாட்டேன்டா. எங்க வேணும்னாலும் போ. கீழ கடைக்குப் போறியா? இந்த அத்தை உன்கூட வருவாங்க." பூட்டையும் சாவியையும் என்னிடமிருந்து வாங்கி அவள் கையில் வைத்தார். அழுதார்.

அவள் எழுந்து நிலைப்படிவரை வந்தாள். அதற்குமேல் கால் வரவில்லை. எட்டிக் கைநீட்டி, பூட்டைப் பழையபடி வெளி நாதாங்கியில் மாட்டினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பூட்டுங்கப்பா."

"வேண்டாம்டா, வெளிய வா."

"பூட்டுங்கப்பா! அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு மூச்சு வருது. பூட்டுங்க!"

அவர் பூட்டைத் தொடவில்லை. உள்ளே அவள் கதவில் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒன்றரை வருஷமாகத் திறந்துவிடச் சொல்லி அவரை நச்சரித்தவள் நான். நான்தான் பூட்டினேன்.