கமருன்னிஸா பார்க்காத கடைசி நிமிடங்கள்

நீடாமங்கலத்தில் சாக்குக் கடை வைத்திருந்தார் இப்ராஹிம். அவருக்கும் அவர் மனைவி கமருன்னிஸாவுக்கும் சண்டை என்று வந்தால், அது வெள்ளிக்கிழமைச் சாயங்காலத் தொலைக்காட்சித் தொடருக்காகத்தான் வரும். தன் சமையலைக் குறை சொல்பவர்களை ஒவ்வொருவராகக் கொல்லும் ஒரு கல்யாணச் சமையல்காரனின் கதை. பிணத்தைத் தூக்கும் இடத்தில்கூடச் சிரிப்பு வரும்.

“மாட்டிக்குவான் பாருங்க. இத்தனை உசுர எடுத்தவன் தப்பிச்சா நல்லாவா இருக்கும்?”

“போலீஸ் ஜீப்பு நம்ம ஊரு ரயில்வே கேட்டுல நின்னா, கேட்டு தொறக்குறதுக்குள்ள அவன் மலேசியாவுக்கே போயிருவான் கமரு. உன் குழம்பச் சாப்பிட்டு நானே தப்பிச்சு உக்காந்திருக்கேன், அவன் தப்பிக்க மாட்டானா?”

அவர்களோடு உட்கார்ந்து பார்க்கும் பக்கத்து வீட்டு ஜெயபாரதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

கடைசிப் பகுதி வருவதற்குள் இப்ராஹிம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை.

கமருன்னிஸா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் அந்த நாட்களில், தொலைக்காட்சியின் மேல் போர்வை கிடந்தது. தொடரின் முடிவு ஊருக்கே தெரிந்துவிட்டது. பார்க்க வந்த பெண்களிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். முடிவு தெரியாதவரை அவரோடு போட்ட சண்டை முடியவில்லை. சண்டை முடியாதவரை அவர் முழுதாகப் போய்விடவில்லை.

இத்தா முடிந்த மறுநாள் ஜெயபாரதி வந்தாள். அக்காவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

“நாலு மாசமா வாயக் கட்டி வச்சிருந்தேங்க்கா. நீங்க சொன்னதுதான் நடந்துச்சு. மாட்டிக்கிட்டான். நீங்கதான் ஜெயிச்சீங்க.”

கமருன்னிஸா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காம்பில் இலை தீர்ந்த பிறகும் விரல்கள் நிற்கவில்லை.

“ஜெயிச்சு யாருகிட்ட சொல்றது, பாரதி?”

அன்று சாயங்காலம் அவளே போர்வையை எடுத்துவிட்டு, ஜெயபாரதியையும் பக்கத்தில் உட்காரவைத்து, யூடியூபில் கடைசிப் பகுதியைப் போட்டாள். சமையல்காரன் மீசையை மழித்துக்கொண்டு பஸ் ஏறினான். இன்ஸ்பெக்டர் வேறொரு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார். ஜன்னலோரம் உட்கார்ந்தவன், கண்டக்டரின் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்து முகம் சுளித்தான். ஜெயபாரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் கிளம்பியது.

கமருன்னிஸா நிறுத்திவிட்டாள்.

“அக்கா, இன்னும் இருக்கு. வழியில சாப்பிட எறங்குவான், சாம்பார் சரியில்லன்னு சண்டை போடுவான், அங்கதான்...”

“எறங்க வேணாம் பாரதி. அவரு சொன்ன மாதிரியே அவன் போகட்டும். இந்த ஒண்ணுலயாவது நான் அவருகிட்ட தோத்துக்கிறேன்.”