பெஹாலாவிலிருந்து ஹவுராவுக்கு, காலில் சென்சாரோடு

போன வியாழக்கிழமை என் கணவரை ஹவுரா மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனைக்கு நடைப் பரிசோதனைக்காக அழைத்துப்போனேன். இவருக்கு அறுபத்தெட்டு வயது, பார்க்கின்சன் வந்து ஆறு வருடம். பெஹாலா பக்கத்திலிருந்து இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊர் சுற்றிப் பார்த்து எழுதும் தெம்பெல்லாம் எனக்கு இல்லை.

வீட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே இவருக்குக் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். சமையலறை நிலைப்படியிலும் குளியலறை வாசலிலும் தினமும் இதே கதைதான். இரண்டு முறை விழுந்தாயிற்று. ஆனால் டாக்டர் முன்னால் மட்டும் மாப்பிள்ளை முறுக்கோடு நடந்து காட்டுவார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்ப்பார், நான்தான் கதை கட்டுகிறேன் என்பது போல. மருந்தை மாற்றவும் மாட்டார். இன்னொரு தடவை விழுந்து இடுப்பெலும்பு போனால் என் ஒருத்தியால் தூக்க முடியாது.

அதனால் போன மாதம் சென்சார் பொருத்திய சோல் ஒன்று கொடுத்தார்கள். ஷூவுக்குள் வைத்து ஒரு வாரம் நடக்க வேண்டும். நடையில் பெரிய சிக்கல் இல்லை என்று முடிவு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதிவைப் புரட்டிய டெக்னீஷியன் பெண், "மாஷிமா, வீட்டுக்குள்ள இவர் நடக்கவே இல்லையா?" என்று என்னைச் சித்தி முறை வைத்து வங்க மொழியில் கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. வெளியே போன நேரம் தவிர ஷூ ஏழு நாளும் வாசலில்தான் கிடந்தது. யார் வீட்டுக்குள் ஷூ போட்டுக்கொண்டு நடப்பார்கள்? அவள் வீட்டிலும் வெளியேதான் கழற்றுவார்களாம். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை கணுக்கால்களிலும் இடுப்பிலும் கட்டிக்கொள்ளும் தீப்பெட்டி அளவு சென்சார்கள். கூடவே ஒரு நோட்டு. கால் ஒட்டும்போதெல்லாம் மணி என்ன, அப்போது என்ன நடந்தது என்று நான் குறிக்க வேண்டும். திருப்பித் தரப் போகிற வழியிலும் கட்டிக்கொண்டே வரச் சொல்லியிருந்தார்கள்.

காலை 8.10க்கு மஞ்சள் டாக்சி பிடித்தோம். எஸ்பிளனேடு சுமார் ஒன்பது கிலோமீட்டர், 50 நிமிடம், 240 ரூபாய். டிரைவர் மெட்ரோ வாசலுக்கு இருநூறு மீட்டர் முன்பே நிறுத்தி, "இங்கயே இறங்கிடுங்க மாஷிமா, அங்க நின்னா போலீஸ் கேஸ் போடுவான்" என்றார். அந்த இருநூறு மீட்டருக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது. ஹவுரா மைதானத்துக்கு மெட்ரோ டிக்கெட் பத்து ரூபாய். டிக்கெட் கதவு திறந்ததும் இவருக்குக் கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஆபீஸ் கூட்டம். "என்னங்க, வாங்க சீக்கிரம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கதவு மூடிக்கொண்டது. காவலர் வந்து பக்கத்து அகலக் கதவைத் திறந்துவிட்டார். ஆற்றுக்கு அடியில் ரயில் போகும் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நான் இவர் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனை வராந்தாவில் வழக்கம்போல ஜம்மென்று நடந்தார். ஆனால் இந்த முறை திரையில் எல்லாம் இருந்தது. ஏழு நாளில் இருபத்து மூன்று தடவை. அப்பாடா, நான் பொய் சொல்லவில்லை. டாக்டர் மருந்து வேளைகளை மாற்றி எழுதினார். பிறகு, தமிழில் எழுதியிருந்த என் நோட்டை அந்த டெக்னீஷியன் பெண் வங்க மொழியில் படிக்கச் சொன்னாள். படித்தேன். மாத்திரைக்குக் கூப்பிட்டேன். பால்காரர் வந்தார், கதவைத் திறக்கச் சொன்னேன். சாப்பாடு ஆறுகிறது என்று கத்தினேன். கால் ஒட்டிய நேரங்களில் பாதிக்கு மேல் அவசரப்படுத்தியது நான்தான்.

"நோயினால வர்றதும்மா, உங்க தப்பில்ல" என்றார் டாக்டர். ஆனால் நடக்கும்போது அவசரப்படுத்தினால் அதிகமாகுமாம். கூப்பிடாமல், இழுக்காமல், பக்கத்தில் சும்மா நிற்க வேண்டுமாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் இவர் சொன்னார், "எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

"எல்லாத்தையும் நீ ஒருத்தியா பாக்கற. இதுல மெதுவா கூப்பிடுன்னு வேற சொல்லணுமா?"



போகிறவர்களுக்கு: சோல் வேண்டாம், கணுக்காலில் கட்டுவதைக் கேளுங்கள். நோட்டில் நீங்கள் செய்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். மெட்ரோவில் அகலக் கதவுக்கே நேராகப் போங்கள். காலை ஒன்பது மணிக் கூட்டத்தைத் தவிருங்கள். இன்னொன்று, முந்தின நாள் நீங்களும் தூங்குங்கள். நான் தூங்கவில்லை.

திரும்பும்போது ரயில் கதவுக்கு முன்னால் மறுபடி நின்றுவிட்டார். நான் எதுவும் பேசாமல் பக்கத்தில் நின்றேன். அந்த ரயில் போனது, அடுத்ததும் போனது. மூன்றாவதில் அவராகவே காலைத் தூக்கி வைத்து ஏறி, எனக்கும் இடம் பிடித்தார். எஸ்பிளனேடு வரும்வரை அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.