செமோர்க்காரரின் நஞ்சுக்கொடி

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். நம் உடம்பு கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ள உதவும் நொதி ஒன்று உண்டு. அதற்கான மனித மரபணுவைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவுக்குள் ஏற்றிப் பெருக்குவதுதான் எங்கள் பேராசிரியரின் திட்டம். அதற்கு மனிதத் திசு வேண்டும். நஞ்சுக்கொடி சுலபமாகக் கிடைக்கும்.

"ஈப்போவுல தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு. நீயும் அந்த ஊர்ப் பொண்ணுதானே, வா" என்றார். அவரும் தமிழர்தான்.

பிரசவ அறையை ஒட்டிய சின்ன அறைக்கு எனாமல் தட்டில் ஒன்று வந்தது. பச்சை ரத்த வாடை. அவர் கத்தரியால் நறுக்க நறுக்க, நான் துண்டுகளை டிரை ஐஸ் பெட்டியில் போட்டேன்.

"அந்த அம்மாகிட்ட கேட்டீங்களா சார்?"

"குப்பைக்குப் போறதுக்கு யாரைக் கேக்கணும்?"

அப்போது வாசலில் ஒருவர் குரல் கேட்டது. ஈப்போவை அடுத்த செமோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளி. சட்டையில் ரப்பர் பால்கறை, கையில் புதுச் சட்டி.

"மிஸ்ஸி, எம்பொண்டாட்டி நஞ்சுக்கொடிய குடுங்க. வீட்டாண்ட பொதைக்கணும்."

"அதெல்லாம் வீசியாச்சு லா" என்றார் நர்ஸ்.

வந்தவர் நகரவில்லை. பேராசிரியர் என் காதோரம் குனிந்தார்: "வாயத் திறக்காத. தோட்டத்து ஆளு, கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருவான்."

அந்தப் பேச்சுக்கு ரத்த வாடை எவ்வளவோ தேவலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

"அண்ணே, இங்க இருக்கு."

எட்டிப் பார்த்தவர் முகம் மாறியது. "ஏன் வெட்டிருக்கீங்க?"

"ஆராய்ச்சிக்கு. உங்கள கேக்காமலே எடுத்துட்டாங்கண்ணே."

இடுக்கியால் ஒவ்வொன்றாகச் சட்டியில் போட்டேன். "மிச்சம் எதுவும் வச்சிருக்கீங்களா?" என்று இருமுறை கேட்டார். தோள் துண்டால் சட்டியை மூடிக்கொண்டு, அருவருப்போடு என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பேராசிரியர் வழியெல்லாம் கத்தினார். பிறகு பசிக்கிறது என்று கோழிச் சோற்றுக் கடையில் காரை நிறுத்தினார். அவர் நக இடுக்கில் ரத்தம் கறுத்துக் கிடந்தது. அந்த விரல்களாலேயே எலும்பைப் பிடித்துக் கடித்து உறிஞ்சினார். நான் கடைக்கு வெளியே ஓடி, கால்வாயோரம் வாந்தியெடுத்தேன்.

அந்த மாதமே வேலையை விட்டேன். அடுத்த வாரம் அவர் மறுபடி ஈப்போ போய் வேறொரு பெண்ணுடையதை எடுத்துவந்ததாக அங்கே வேலை செய்த சிநேகிதி சொன்னாள். மரபணு கிடைத்த அன்று ஆய்வுக்கூடத்தில் கேக் வெட்டினார்களாம். அது யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.